டிகிரிக்கு மேலே ஒரு டிப்ளமோ

ஒரகடம் தொழிற்பேட்டையில் அளவெடுக்கிற வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: நாள் முழுக்க அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருவார்கள். நம்ம தப்பைக் கண்டுபிடிக்கத்தான் ஆள் வைப்பதில்லை. அதை நாமேதான் எழுதியாக வேண்டும், எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். பி.எஸ்.சி. இயற்பியல். கார் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சின்ன மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். ஊரில் அம்மா, “எம்மவ இன்ஸ்பெக்டரா இருக்கா” என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வாள். மிச்சத்தைக் கேட்கிறவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவாள்.

இயற்பியலில் டிகிரி வாங்கிவிட்டு, அடுத்து என்ன என்று முழித்துக்கொண்டிருக்கும் என் சகபாடிகளே, நீங்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் என் அறையில் மட்டுமே மூன்று பேர் இருந்தோம். இது நமக்காக.

ரெண்டு வரிசை

வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதன்முதலாக ஒரகடத்துக்கு வந்து இறங்கிய நாள். கம்பெனி கேட்டில் ரெண்டு வரிசை. இடது பக்கம் ஐ.டி.ஐ., வலது பக்கம் டிப்ளமோ. பையன்களும் பொண்ணுகளும் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் ரெண்டுமில்லை. டிகிரி என்றால் டிப்ளமோவுக்கு மேலேதானே, இன்னும் முன்னால் ஒரு வரிசை இருக்கும் என்று தேடினேன். சத்தியமாகத் தேடினேன். கேட்டைத் தாண்டி எட்டிக்கூடப் பார்த்தேன்.

செக்யூரிட்டி அண்ணனிடம் போய், “அண்ணாச்சி, பி.எஸ்.சி. பிசிக்ஸுக்கு எங்க நிக்கணும்?” என்றேன். அவர் கையில் இருந்த தாளை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். தாளில் அப்படி ஒன்று இல்லை. நான் ரெண்டு வரிசைக்கும் நடுவே தார் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். பாவம், அவர் அக்கறையாகத்தான் சொன்னார்.

“நடுவுல நிக்காதம்மா, லாரி வரும்.”

காலியாக ஒரு நாற்காலி

எப்படியோ உள்ளே எடுத்தார்கள். கான்ட்ராக்ட். என்னோடு பெஞ்சில் இருந்தவர் தனலட்சுமி அக்கா. சேரப்பணஞ்சேரிக்காரர், நாற்பதை நெருங்குகிற வயசு. கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். காவ்யா என்று ஒரே மகள், போன வருஷம் ஆறாவது படித்தாள். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து, வெளியிலிருந்து வருகிற மோட்டார் தண்டுகளை அளந்து பார்ப்போம். அளவுக்குள் இருந்தால் தாளில் ‘ஓகே’ என்று போடுவோம். இல்லையென்றால் ‘என்ஜி’, அதாவது ஆகாது. ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு எழுநூறு தண்டு. நான் மூன்று வருஷம் படித்த பௌதிகம் முழுவதும் இந்த ரெண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

சேர்ந்து ரெண்டாவது வருஷம், மே மாதம், குவாலிட்டி தலைவர் ரகுநாதன் சார் கூப்பிட்டார். எங்கள் கம்பெனியில் அளவு அறை என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடிச் சுவர், ஏ.சி., உள்ளே போனால் செருப்பு மாற்ற வேண்டும். நாங்கள் பயன்படுத்துகிற மைக்ரோமீட்டர், வெர்னியர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற இடம். அங்கே ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். அது நிரந்தர வேலை. ஆனால் எம்.எஸ்.சி. வேண்டும், அல்லது டிகிரிக்கு மேலே கருவிகள் பற்றி ஒரு முதுநிலை டிப்ளமோ வேண்டும். எனக்கோ அடுத்த ஜூனோடு கான்ட்ராக்ட் முடிகிறது. முடிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே தீப்பெட்டி ஆபீசில் ஒரு வேலையும், அத்தை மகன் ஒருத்தனும் தயாராக இருந்தார்கள். ரெண்டிலுமே எனக்கு இஷ்டமில்லை. சார் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“அடுத்த ஜூன் வரைக்கும் அந்தச் சேர்ல யாரையும் உக்கார வைக்காம பாத்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா.”

போனும் கையுமாக ஒரு வாரம்

டீ பிரேக் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நாளைக்கு ஒரு காலேஜ் என்று போன் போட்டேன். எம்.எஸ்.சி. என்றால் ரெண்டு வருஷம், அதுவும் தினமும் பகலில். அது நமக்கில்லை. ஆஸ்பத்திரிக் கதிரியக்கம் பற்றி ஒரு டிப்ளமோ இருக்கிறது, நல்ல படிப்பு. ஆனால் நான் கேட்ட இடத்தில் எம்.எஸ்.சி. முடித்துவிட்டு வா என்றார்கள். வானியற்பியல் டிப்ளமோ ஒன்று, வீட்டிலிருந்தே படிக்கலாம். எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஒரகடத்தில் நட்சத்திரத்துக்கு வேகன்சி இல்லை. வெல்டிங்கை உடைக்காமல் எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கிற படிப்பு, சில வாரத்தில் முடிந்துவிடும்; அதை டிப்ளமோ என்று எங்கள் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. சகபாடிகளே, ஒன்று சொல்லிவைக்கிறேன்: சேருவதற்கு முன்னால், நீங்கள் எந்த வேலைக்காகப் படிக்கிறீர்களோ அந்த வேலைக்காரர்களிடம் இது செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். கவுன்சலரிடம் கேட்டால் எல்லாமே செல்லும்.

இதற்கு நடுவில் அம்மா. “டிகிரி முடிச்சவ எதுக்குட்டி டிப்ளமோ படிக்கணும்? மேல இருந்து கீழ இறங்குதியா?” என்று அழாத குறை. டிகிரிக்கு முந்தின டிப்ளமோ வேறு, பிந்தின டிப்ளமோ வேறு என்று விளக்குவதற்குள் போனில் சார்ஜ் போய்விட்டது.

கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில் கருவியியல், அளவியல் முதுநிலை டிப்ளமோ இருப்பதாகத் தெரிந்தது. ஒரு வருஷம். ரகுநாதன் சாரிடம் கேட்டேன், செல்லும் என்றார். உடனே கூப்பிட்டேன். போனை எடுத்த பெண் அழகாகப் பேசினாள். “காலை பேட்ச்சா மேடம், மாலை பேட்ச்சா?” என்றாள். “ஒரு வாரம் காலையில முடியும், ஒரு வாரம் சாயங்காலம் முடியும், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட், அப்ப மத்தியானம் முடியும்” என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

“மேடம், நீங்க படிக்க வரீங்களா, செக்யூரிட்டி வேலைக்கு வரீங்களா?”

ஒரு ஃபாரம், மூன்று கையெழுத்து

நல்லவேளை, சனிக்கிழமை மட்டும் நடக்கிற வகுப்பு ஒன்று இருந்தது. காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை. ஆனால் எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு, திங்கள் என்ற பேதமே கிடையாது, ஏழு நாளும் ஓடும். வார லீவு ஆளுக்கு ஒரு நாள். என்னுடையது செவ்வாய். பெஞ்சில் ரெண்டு பேரில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சனிக்கிழமை லீவு யாருக்கு? தனலட்சுமி அக்காவுக்கு.

கேட்கவே வாய் வரவில்லை. ரெண்டு நாள் அக்காவின் டிஃபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அக்காவே, “இன்னாடி, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற?” என்று கேட்டுவிட்டார். சொன்னேன். அக்கா சட்டினியை வழித்து நக்கிவிட்டு, லீவு மாற்றுகிற ஃபாரத்தை அன்றைக்கே வாங்கிவந்தார். மாற்றுகிறவர், மாற்றிக்கொள்கிறவர், சூப்பர்வைசர் என்று மூன்று கையெழுத்து வேண்டும். சூப்பர்வைசர் முருகேசன் சார் ஒரு வாரத்துக்கு மேல் மாற்ற விடமாட்டேன் என்று குதித்தார். “நானே ஒத்துக்கினு கீறேன், உனுக்கு இன்னா சார் நோவுது?” என்று அக்கா கேட்ட கேள்வியில் ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தேன். சொல்ல விடவில்லை.

“அட, வுடு. செவ்வாக்கெழம முருகனுக்கு விசேஷம். குன்றத்தூர் மலைக்குப் போவேன், மீதி நேரம் துணி தொவைப்பேன். எனக்கு இன்னா போச்சு?”

பத்தாவது ஆள்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயில். ஆட்டோக்காரர் ஏழுமலை அண்ணன் பத்து பேர் சேராமல் வண்டியை எடுக்க மாட்டார். முதல் சனிக்கிழமை அந்தப் பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்து வகுப்புக்கு அரைமணி நேரம் லேட். அடுத்த வாரம் நேரே போய்ச் சண்டை போட்டேன். எங்க ஊர்ச் சண்டை அவருக்குப் பாதிதான் விளங்கியது, ஆனால் படிப்பு என்ற சொல் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை மட்டும் ஒன்பது பேரோடு கிளம்புவார். போதாக்குறைக்கு, மூச்சுவிட இடமில்லாத வண்டியில் மற்றவர்களைப் பார்த்து, “தள்ளி குந்துங்கப்பா, அந்தப் பொண்ணு படிக்கணும்” என்பார். எங்கே தள்ளுவது? வெளியேதான் தள்ள வேண்டும்.

ஒருநாள் ரெக்கார்ட் நோட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன். எட்டு மாதச் செய்முறை, ஒவ்வொரு பக்கத்திலும் வகுப்பெடுக்கிற மேடத்தின் கையெழுத்து. அது போனால் பரீட்சைக்கே உட்கார முடியாது. வகுப்பில் ஒன்றும் காதில் ஏறவில்லை. திரும்பி வந்து இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் ஏழுமலை அண்ணன் சவாரிக்குக் கூவாமல், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மழைத் தண்ணி படக்கூடாது என்று பாலிதீன் கவர் வேறு போட்டிருந்தார். காலில் விழாத குறையாக நன்றி சொன்னேன்.

“உள்ளாற படம்லாம் சோக்கா வரைஞ்சிகீறம்மா. ஒண்ணு கூட பிரியல, ஆனா சோக்கா கீது.”

ஓகே என்றால் எவ்வளவு?

முதல் செய்முறை வகுப்பை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நன்றிக்குரிய ஒருவர் அதில் வருவதால் எழுதுகிறேன். விமலா மேடம். எனக்கு மூன்று வயசுதான் மூத்தவராக இருப்பார். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு சனிக்கிழமை வகுப்பெடுக்க வருவார். ஒரு கம்பியைக் கொடுத்து, பத்து இடத்தில் விட்டம் அளந்து அட்டவணை போடச் சொன்னார். மற்றவர்கள் மூன்றாவது இடத்தில் தடவிக்கொண்டிருக்க, நான் நாலு நிமிஷத்தில் முடித்துக் கை கட்டி நின்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன்.

மேடம் என் தாளை எடுத்துப் பார்த்தார். பத்துக் கட்டத்திலும் ‘ஓகே’ என்று அச்சடித்த மாதிரி எழுதியிருக்கிறேன். பத்தாவது கட்டத்துக்குக் கீழே கையெழுத்து, ஷிஃப்ட் பெயர் உட்பட. வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

“ஜெசிந்தா, ஓகேங்கறது எத்தனை மில்லிமீட்டர்மா?”

சிவப்புத் துண்டு

இப்போது பரீட்சை. மே மாதம், மூன்று மணி நேரச் செய்முறை. இதில் தேறினால்தான் டிப்ளமோ, டிப்ளமோ வந்தால்தான் அளவு அறை. முதல் நாளே அக்கா குன்றத்தூர் விபூதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். நான் ஜெபமாலையோடு சேர்த்து அதையும் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு வந்த கேள்வி, உலோகப் பட்டை ஒன்றின் தடிமனை ஸ்க்ரூ கேஜில் அளந்து, எடை ஏற்ற ஏற்ற அது எவ்வளவு வளைகிறது என்று பார்த்துக் கிராப் போடுவது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கேஜை எடுத்தேன். நடுவில் ஒன்றும் வைக்காமல் மூடினால் சுழியைக் காட்ட வேண்டும். நாலு கோடு தள்ளிக் காட்டியது.

பிளஸ் ஒன் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதைக் கடைசியில் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் தெரியும். ஆனால் கம்பெனியில் கழிப்பது என்ற பேச்சே கிடையாது. ஒரு கருவி சுழியைக் காட்டவில்லையென்றால் அதைத் தொடக்கூடாது. சிவப்புத் துண்டுச் சீட்டு ஒன்றைக் கட்டி அளவு அறைக்கு அனுப்பிவிட வேண்டும். துண்டு கட்டாமல் அளந்தால் வேலையே போகும். மூன்று வருஷம் தினமும் செய்தது கைக்குள் ஊறிக் கிடக்கிறது. என் கை என்னைக் கேட்கவே இல்லை. ரஃப் தாளைக் கிழித்தது, பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தது, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டது. விடைத்தாள் கட்டக் கொடுத்த நூலால் அதைக் கேஜின் கழுத்தில் கட்டி, மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தேன். பிறகு எழுந்து நின்று, வேறு கேஜ் வேண்டும் என்று கை தூக்கினேன்.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். “என்னம்மா இது?”

“டேக் சார்.”

“யாரு கட்டச் சொன்னா?”

“ரூல் சார். நாலு கோடு தப்பு இருக்கு.”

“கழிச்சு எழுது.”

அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லையே! “தப்புன்னு தெரிஞ்ச கருவில அளந்துட்டு எப்படி சார் கையெழுத்துப் போடறது?” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பரீட்சையில் சிவப்பு மையைத் தொட அவருக்கு மட்டும்தான் உரிமை, அதையும் தொட்டிருக்கிறேன். விமலா மேடம் ஓடிவந்து என் தோளை அழுத்தி, “ஜெசிந்தா, இது லேப், லைன் இல்ல. உக்காரு” என்று காதோரம் சொன்ன பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. அதற்குள் இருபத்தைந்து நிமிஷம் போயே போச்சு. அள்ளிப்போட்டு அளந்தேன், கழித்தேன், எழுதினேன். கிராப் பாதியில் நிற்கும்போது மணி அடித்துவிட்டது. ஒரு வருஷப் படிப்பை ஒரு துண்டுத் தாளில் கட்டித் தொங்கவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பரீட்சகர் என் தாளை வாங்கி வைத்துவிட்டு, அந்த மேஜை வரிசையை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, மேடத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

“எல்லாத்துக்கும் டேக் கட்டணும்னா, இந்த லேபையே பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

ஒரு மார்க்

ஜூன் முதல் வாரம் ரிசல்ட். ஏட்டுப் பாடத்தில் நல்ல மார்க். செய்முறையில் தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேலே ஒன்று. ஒன்றே ஒன்று. தேறியதற்குச் சந்தோஷப்படுவதா, ரகுநாதன் சாரிடம் அந்தத் தாளை எப்படி நீட்டுவது என்று பயப்படுவதா? அளவு அறையில் உட்கார ஆள் தேடுகிறவர், ஏட்டு மார்க்கையா பார்ப்பார்? கையைத்தானே பார்ப்பார். கான்ட்ராக்ட் முடிய ரெண்டு வாரம். ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டிக்கூட வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். அவர் விரல் நேரே அந்த மார்க்கில் போய் நின்றது. “என்னாச்சு?” அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லத்தான் தயாரித்து வைத்திருந்தேன். வாய் திறந்ததும் உண்மையெல்லாம் கொட்டிவிட்டது. துண்டு கட்டியது, சிவப்பு மை, நின்று வாதாடியது, எல்லாம். சார் சிரிக்கவில்லை. “அந்த டேக் இப்ப எங்க?” என்று கேட்டார். “பரீட்சகர் அவுக்கவேயில்ல சார். கேஜ் கழுத்துலயே விட்டுட்டுப் போயிட்டார்” என்றேன். அதுதான் உண்மை. விமலா மேடம் பிறகு போனில் சொன்னார். அந்தக் கேஜை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார்களாம். சார் என் மார்க் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஆச்சு, ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று எழுந்துவிட்டேன்.

“கழிச்சு எழுதறவங்க நாலு பேர இன்டர்வியூ பண்ணி அனுப்பிட்டேன். நீ திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு அளவு அறைக்கு வந்துடு.”

சேரப்பணஞ்சேரியில் ஒரு சனிக்கிழமை

பெஞ்சுக்கு ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். லைன் ஓடிக்கொண்டிருந்ததால் அக்கா தண்டை வைக்காமலே இன்னொரு கையால் என் கன்னத்தைக் கிள்ளி, “நாளைக்கி வூட்டுக்கு வா” என்றார். லீவு மாற்றின ஃபாரம் மே மாதத்தோடு முடிந்து அக்காவுக்குச் சனிக்கிழமை திரும்பக் கிடைத்திருந்தது. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட்டோடு போனேன். மூன்று வருஷமாக ஒரே பெஞ்சில் இருந்தும், அவர் வீட்டுப் படியை அன்றுதான் மிதிக்கிறேன். காவ்யா கதவைத் திறந்தாள். என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். கோபமில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “எங்கம்மாவோட சனிக்கெழமைய எடுத்துக்கினது நீங்கதானே?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் லீவு சனியும் ஞாயிறும். அக்காவுக்கு ஞாயிறு வேலை. செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டில் இருந்தால் பிள்ளை பள்ளியில் இருக்கும். முருகனுக்கு விசேஷம், துணி தொவைக்கணும் என்று சிரித்துக்கொண்டே சொன்ன பொம்பளை, ஒரு வருஷம் மகளோடு சேர்ந்து ஒருநாள்கூட முழுசாக இருந்ததில்லை. காவ்யா சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருக்கிறாள். அந்த வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அக்கா வந்து மகள் தலையில் ஒரு குட்டு வைத்தார். “நீ வாடி உள்ள, அதுக்குப் போய் அழுவுறியா?” என்று என் தலையிலும் ஒன்று வைத்தார்.

காப்பி குடித்து முடித்ததும் அக்கா பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மடியில் போட்டார். பட்டச் சான்றிதழ். அக்காவின் பெயர். பி.எஸ்.சி. இயற்பியல், முதல் வகுப்பு. ரெண்டு தடவை வாசித்தேன். “அப்பல்லாம் டிகிரின்னா ஆப்பரேட்டரா எடுக்க மாட்டான். நின்னு வேல செய்ய மாட்டோம்னு நெனைப்பு. பன்னெண்டாவதுன்னு சொல்லித்தான் சேந்தேன். பதிமூணு வருசம் ஆச்சு, இத வெளிய எடுத்து” என்றார். (தனலட்சுமி என்பது நான் வைத்த பெயர். கம்பெனிக்காரர்கள் தேட வேண்டாம்.) பிறகு அந்தக் கவரைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தைத் தடவிக்கொண்டே, பெஞ்சில் ஒருநாளும் நான் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார். “ஜெசி, அந்தக் காலேஜ்ல வயசு கேப்பாங்களா?”

கேட்க மாட்டார்கள். அன்றைக்கே போனில் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டோம். பாதியில் அக்கா நிறுத்திவிட்டார். “மறுபடியும் சனிக்கெழம போச்சுன்னா இவ இன்னா பண்ணுவா?” அளவு அறைக்குச் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் லீவு, திங்கட்கிழமை முதல் நான் அந்த அறைக்காரி. நான் காவ்யாவைப் பார்த்தேன். அவள் கடலைமிட்டாயை மென்றுகொண்டே என்னைத் தலையிலிருந்து கால்வரை இன்னொரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“இவங்களுக்கு கேரம் ஆடத் தெரிஞ்சா, நீ போம்மா.”

ஆகவே சகபாடிகளே, இந்த வருஷம் சனிக்கிழமைகளில் என்னை யாராவது தேடினால் சேரப்பணஞ்சேரியில் ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் கேரம் தோற்றுக்கொண்டிருப்பேன், அவள் அம்மா படிக்கப் போயிருக்கிறார்.